குழித்துறை டெப்போவில் ஒரு சைக்கிள்

இந்த இருக்கையைச் செய்தவன் ஒரு பெண்ணையும் பார்த்திருக்க மாட்டான். பார்த்திருந்தாலும் நின்றுகொண்டிருந்தவளைத்தான் பார்த்திருப்பான்.

கரமனைப் பாலம் தாண்டியதிலிருந்து ஜெபமலரின் மனதில் இது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் முன்னால் உட்கார்ந்திருக்கும் உதவியாளர் சுப்ரியா ஒரு பதில் வைத்திருப்பாள். அதற்குச் சிரிக்க வேண்டியிருக்கும். சிரிக்கிற அளவுக்கு மூச்சு மிச்சமில்லை.

அவர்கள் ஓட்டிக்கொண்டிருந்தது இரண்டு பேர் மிதிக்கிற நீளச் சைக்கிள். பின்னால் இருப்பவளுக்கும் ஒரு ஹேண்டில்பார் உண்டு. பிடித்துக்கொள்ளலாம், திருப்ப முடியாது. பிரேக் கிடையாது. எங்கே போகிறோம் என்று தெரியாது, முன்னால் இருப்பவரின் முதுகுதான் காட்சி. சத்தியநேசனோடு இருபது வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு இதில் புதிதாகப் பழகிக்கொள்ள ஒன்றுமில்லை.

"சேச்சி, மிதிக்கறேளா, இல்ல சும்மா காலை வெச்சுண்டு வரேளா?"

"நீ ரோட்டைப் பாத்து ஓட்டு பிள்ளே."

"இல்ல, மலை ஏறற மாதிரி இருக்கு. பாலராமபுரத்துல மலை கிடையாதே, அதான் கேட்டேன்."

இருவருக்கும் ஒரே சங்கிலிதான். நான்கு கால்களும் சேர்ந்துதான் சுற்றும். யார் உழைக்கிறார்கள், யார் கூடவே சுற்றி வருகிறார்கள் என்பது வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் தெரியாது. பல அலுவலகங்கள் இப்படித்தான் நடக்கின்றன. தம்பானூரில் ஒரு லாட்ஜின் மாடியில் இருந்த ஜெபமலரின் துப்பறியும் அலுவலகமும் அப்படித்தான் நடந்தது. மாப்பிள்ளைகளை விசாரிப்பது அவர்கள் தொழில். துபாய் வேலை துபாயில்தான் இருக்கிறதா, முதல் கல்யாணம் முடிந்துவிட்டதா, இந்த மாதிரி. மாப்பிள்ளைகள் வேகமாக ஓட மாட்டார்கள். ஓடினாலும் ஆட்டோ போதும்.

போன வாரம் வன்னியராஜ் படியேறி வந்தபோது அவர் மகளுக்கு வரன் பார்க்கிறார் என்றுதான் ஜெபமலர் நினைத்தாள். சாலைக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் மொத்த வியாபாரம் செய்கிறவர். நகரத்தின் பெரிய சைக்கிள் சங்கத்துக்குத் தலைவர். முழங்கால் ஒத்துழைக்காததால் அவர் சைக்கிள் ஓட்டுவதில்லை. சங்கத்தை மட்டும் ஓட்டுகிறார்.

"ஒரு லேடி மெம்பர், மேடம். திவ்யலட்சுமின்னு பேரு. இந்தா கீழ தெரியுதே பஸ் ஸ்டாண்டு, அங்க விசாரணை கவுண்டர்ல இருக்கா. வயசு அம்பதுக்கு மேல. போன ரெண்டு தடவையும் ஆம்பளைகளுக்கு முன்னாலயே கன்யாகுமரி போய்ச் சேந்துட்டா."

"அது குத்தமா சார்?"

"குத்தமில்ல, அதிசயம். அதிசயம் நடந்தா விசாரிக்கணும்லா?"

குழித்துறை பஸ் டெப்போவுக்குள் அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நுழைந்ததை ஒருவர் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு நாகர்கோவிலில் அவள்தான் முதலாவதாக நிற்கிறாள். சைக்கிளைப் பஸ்ஸில் ஏற்றிப் போகிறாள் என்பது வன்னியராஜின் கட்சி. பஸ்காரர்கள் எல்லோரும் அவள் ஆட்களாம்.

அடுத்த மாதம் சங்கம் ராமேஸ்வரம் வரை போகிறது. முன்னால் நின்று நடத்திப் போகிறவர் யார் என்பது இன்றைய ஓட்டத்தில் தெரிந்துவிடும். திருவனந்தபுரத்திலிருந்து கன்யாகுமரி போய், கடலைத் தொட்டு, மாலைக்குள் கிழக்கேகோட்டைக்குத் திரும்ப வேண்டும். கன்யாகுமரியில் முதலில் போய்ச் சேர்ந்தவருக்கு முதல் உரிமை. மற்றவர்கள் ராமேஸ்வரத்தைப் பற்றிக் கனவுகூடக் காணவில்லை. போட்டி இரண்டே பேருக்குள்தான். ஒன்று திவ்யலட்சுமி. இன்னொன்று வன்னியராஜின் மருமகன் திரவியம், டெக்னோபார்க்கில் மானேஜர். ஏமாற்றினாள் என்று நிரூபணமானால் திவ்யலட்சுமிக்குத் தலைமை மட்டுமல்ல, சங்கத்திலேயே இடமில்லை. திங்கட்கிழமை அவள் கவுண்டருக்கு வருவதற்குள் அந்தப் பேச்சு வந்து வரிசையில் நின்றிருக்கும்.

"நீங்களும் புது மெம்பர் மாதிரி ஓட்டிக்கிட்டே பாருங்க. சாதா சைக்கிள் உங்களுக்குச் சிரமம். ரெட்டைச் சைக்கிள் ஒண்ணு நம்ம குடோன்ல கிடக்கு, தாரேன்" என்றார் வன்னியராஜ், பெரிய மனதோடு.

அதில்தான் இப்போது நெய்யாற்றின்கரை ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் கண்ணுக்கெட்டாத தூரத்துக்குப் போய்விட்டிருந்தார்கள்.

விடியற்காலையில் காந்தி பார்க் முன்னால் கொடி அசைத்தபோது ஜெபமலர் திவ்யலட்சுமியின் பக்கத்தில்தான் நின்றாள். ஒல்லியான உருவம். நரைத்த பின்னலைச் சுருட்டி ஹெல்மெட்டுக்குள் திணித்திருந்தாள். வன்னியராஜ் உடல்நலம் பற்றிப் பேசிக்கொண்டேயிருந்தார். அவர் முடிப்பதற்குள் பாதிப் பேர் ஆரோக்கியம் இழந்துவிட்டார்கள். பிறகு ஏ.சி. காரில் ஏறி, கன்யாகுமரியில் உட்கார்ந்து வருகிறவர்களை வரவேற்கக் கிளம்பினார்.

"புதுசா?" என்று கேட்டாள் திவ்யலட்சுமி. "பயப்பட ஒண்ணுமில்ல கேட்டோ. மெல்லப் போனாப் போதும். நிக்காமப் போகணும், அவ்வளவுதான்."

விசாரணை கவுண்டரில் இருப்பவர்களுக்கே உரிய குரல். பதிலைச் சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்க்கிற குரல். எத்தனையோ வருடமாக எல்லோருக்கும் எந்தப் பஸ் எங்கே போகும் என்று சொல்லிவிட்டு, தான் மட்டும் அந்தக் கண்ணாடிக்குப் பின்னாலேயே இருந்தவள். அவள் ஏமாற்றுகிறாள் என்றால் எதற்காக என்று ஜெபமலருக்கு உடனே புரிந்தது. புரிந்துவிட்டதாலேயே அதை அவள் நம்பவில்லை. சீக்கிரம் புரிகிற காரணங்கள் பெரும்பாலும் புரிந்துகொள்கிறவருடையவை.

பாறசாலையில் ஒரு அதிசயம் நடந்தது. முன்னால் போன வீரர்கள் அனைவரும் ஒரு ஹோட்டல் வாசலில் கிடைத்தார்கள்.

"சேச்சி, புட்டு" என்றாள் சுப்ரியா. ஹேண்டில்பார் தானாகவே அந்தப் பக்கம் சாய்ந்தது.

"நிறுத்தாத."

"கடலையும் இருக்கு."

"திவ்யலட்சுமி இருக்காளா பாரு."

இல்லை. மற்ற எல்லோரும் இருந்தார்கள். சைக்கிள்கள் சுவரோரமாக அணிவகுத்து நின்றன. திரவியம் மட்டும் தன் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஹோட்டலின் பின்பக்கம் போய்க்கொண்டிருந்தான். அவ்வளவு நல்ல சைக்கிளை வெயிலில் விட மனது வரவில்லை போலிருக்கிறது. சிலர் இலையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தன் கணுக்காலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"நாம இப்ப இவாளை எல்லாம் முந்தறோம்" என்றாள் சுப்ரியா மெல்ல. "ரெண்டு கழுதை சேந்து முந்தற மாதிரி. இது ஏமாத்து இல்லையா சேச்சி?"

ஜெபமலரின் முதுகுத்தண்டில் எங்கோ ஒரு திருகாணி இறுகியது. நிற்காமல் போகிறவள் முன்னால் இருப்பாள். இதற்கு எதற்குப் பஸ்?

களியக்காவிளையில் எல்லை. கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்குகிற இடத்தில் சாலையின் குழிகளில் மட்டும் மாற்றம் எதுவும் இல்லை. குழித்துறையை நெருங்கும்போது தூரத்தில் திவ்யலட்சுமியின் மஞ்சள் சட்டை தெரிந்தது. அவள் கையைக் காட்டிவிட்டு இடதுபக்கம் திரும்பினாள். நேராக டெப்போவுக்குள்.

"போச்சு. தலைவர் சொன்னது சரியாப் போச்சு" என்றாள் சுப்ரியா. "நேக்கு அந்த அம்மாவைப் பிடிச்சிருந்தது."

"வேகமா மிதி."

"இவ்வளவு நேரம் என்ன பண்ணிண்டிருந்தேன்னு நெனைக்கறேள்?"

இரட்டைச் சைக்கிள் டெப்போ வாசலில் ஒரு பஸ்ஸுக்கு வழி விட்டு, இன்னொரு பஸ்ஸின் ஹாரனுக்கு வழி தெரியாமல் தள்ளாடி, உள்ளே போய் நின்றது. நாகர்கோவில் பஸ் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. அதன் பின்பக்க ஏணியில் எந்தச் சைக்கிளும் இல்லை. உள்ளே மீன்கூடை இருந்தது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தார்கள், சைக்கிள் இல்லை. திவ்யலட்சுமியின் சைக்கிள் நேரக்காப்பாளர் அறையின் ஜன்னல் கம்பியில் பூட்டப்பட்டு நின்றது.

ஜெபமலர் ஒரு தூணுக்குப் பின்னால் மறைந்துகொண்டாள். இரண்டு ஆள் நீளச் சைக்கிளோடு தூணுக்குப் பின்னால் மறைவது எப்படி என்று அவள் யோசிக்கவில்லை. முன்சக்கரமும் சுப்ரியாவும் வெளியே நின்றார்கள்.

திவ்யலட்சுமி ஒரு சிறிய கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். முகம் கழுவியிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"உங்களுக்கும் அவசரமா? நல்ல வேளை, சாவியை இன்னும் கொடுக்கல்ல. இந்தாங்க. உள்ள தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கம், தூக்கிப் போடணும்."

அவள் ஜெபமலரின் கையில் ஒரு சாவியை வைத்தாள். மரக்கட்டையில் கட்டிய சாவி. பெண்கள் ஓய்வறை.

துப்பறிகிறவர்களுக்குத் துப்பு கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். இப்படிக் கையில் வைத்துத் தருவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

"சங்கத்துல நமக்கு நிக்க இடம் குறிச்சிருக்காங்க இல்லையா, பெட்ரோல் பங்கு" என்றாள் திவ்யலட்சுமி தலைத்துண்டால் கழுத்தைத் துடைத்தபடி. "மூணு பங்குலயும் லேடீஸ் பாத்ரூம் பூட்டிக் கிடக்கும். சாவி மானேஜர்ட்ட இருக்கும், மானேஜர் வீட்டுல இருப்பார். ஆம்பளைகளுக்கு என்ன, கன்யாகுமரி வரைக்கும் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் இருக்கு. நான் முதல் தடவை கவுண்டர்ல இருந்தே இங்க போன் பண்ணிக் கேட்டுட்டேன். தினம் பஸ் நேரம் கேட்டுப் பேசுறவங்கதானே. குரலை வெச்சே கண்டுபிடிச்சுச் சாவியைத் தந்துட்டாங்க."

நேரக்காப்பாளர் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார். "திருவனந்தபுரம் மேடம், டீ சொல்லட்டா?"

"திரும்பி வரும்போது அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு அவள் ஏறி மிதித்துப் போய்விட்டாள். முதுகு அசையவில்லை. கால்கள் மட்டும் சுற்றின.

சுப்ரியா ஜெபமலரின் கையிலிருந்த சாவியையே பார்த்தாள்.

"அப்போ மர்மம் இதுதானா சேச்சி? தலைவர் ரெண்டு டிடெக்டிவ், ஒரு ரெட்டைச் சைக்கிள் எல்லாம் ஏற்பாடு பண்ணி, ஒரு மனுஷி மூத்திரம் போறதைக் கண்டுபிடிக்கச் சொல்லியிருக்கார்."

"இந்தச் சைக்கிளைப் பிடி, நான் போயிட்டு வாறேன்."

"நான் முதல்ல போறேன். நீங்க ஓனர், நீங்க பொறுக்கணும்."

பெண்கள் ஓய்வறையில் ஒரு பெஞ்சு இருந்தது. சுப்ரியா அதில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. வெளியே ஆண்கள் கூட்டம் கூச்சலோடு குழித்துறையைக் கடந்துபோகிற சத்தம் கேட்டது. ஜெபமலர் வன்னியராஜுக்குப் போன் செய்தாள்.

"பஸ்ஸுல ஏத்தல்ல சார். பாத்ரூம் போனா. அவ்வளவுதான்."

அந்தப் பக்கம் கடல் காற்று இரைந்தது. வன்னியராஜ் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. "டெப்போவுக்குள்ள போனாள்லா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, "சரி, அங்கயே இருங்க. திரும்பும்போதும் பாருங்க" என்றார்.

அதனால் மதியம் வரை குழித்துறையில் இருந்தார்கள். சாலையோர வேப்பமரத்தடியில் சங்கத்தின் மேஜை போட்டிருந்தார்கள். திரும்பி வருகிறவர்களுக்குத் தண்ணீரும் வாழைப்பழமும் கொடுக்க ரெஜி என்ற மெம்பர் உட்கார்ந்திருந்தான். பழங்களில் பெரும்பகுதியை வருகிறவர்கள் வருவதற்குள் அவனும் சுப்ரியாவும் கொடுத்து முடித்துவிட்டார்கள், ஒருவருக்கொருவர். தண்ணீருக்குத்தான் சுப்ரியா முகம் சுளித்தாள்.

"பிளாஸ்டிக்கைக் கரைச்சுக் குடிக்கற மாதிரி இருக்கு."

"கேன் வெள்ளமாக்கும். எல்லா இடத்துலயும் இதுதான்" என்றான் ரெஜி. "நாகர்கோவில் மேஜைக்கும் நம்ம கேன்தான் போயிருக்கு."

வெயில் சாயத் தொடங்கியபோது முதல் ஆள் வந்தான். திரவியம். நாகர்கோவில் பக்கமிருந்து, தலையைத் தாழ்த்தி, சட்டை முழுக்க நனைந்து. ரெஜி எழுந்து கை தட்டினான். வன்னியராஜிடமிருந்து அவனுக்கு முன்பே செய்தி வந்திருந்தது: கன்யாகுமரியில் முதலில் வந்து சேர்ந்தது திரவியம்.

திரவியம் நாற்காலியில் சாய்ந்து காற்றைப் பற்றிப் பேசினான். எதிர்க்காற்று. கன்யாகுமரிக் காற்று அவன் ஒருவனையே குறிவைத்து வீசியிருந்தது. கடலைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம். நல்ல பையன்தான். தோற்றுப் பழகிய முகம். ஜெயிக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் அதிகமாகப் பேசுகிற முகம். ஜெபமலர் அப்படிப்பட்ட மாப்பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறாள்.

"வெள்ளம் நன்னா இல்லையா சிஸ்டர்? இதைக் குடிங்க" என்று தன் கறுப்புப் பாட்டிலை நீட்டினான். "நாகர்கோவில் மேஜையில காலி பண்ணிட்டு ஃபில் பண்ணினேன். அப்படியே இருக்கு."

சுப்ரியா அண்ணாந்து குடித்தாள். கொஞ்சம் மோவாயில் வழிந்து, கழுத்தில் கிடந்த வெள்ளைத் துண்டில் விழுந்தது.

"அப்பாடா. இப்பத்தான் வெள்ளம் குடிச்ச மாதிரி இருக்கு."

ஜெபமலர் துண்டைப் பார்த்தாள். வெள்ளையில் இளஞ்சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக ஈரம் பரவியிருந்தது. சுப்ரியாவும் அதைப் பார்த்தாள். "வெள்ளம்தானே, காஞ்சுடும்" என்று துடைத்துக்கொண்டாள். திரவியமும் பார்த்தான். ரெஜியும் பார்த்தான். மூன்று பேரும் திருவனந்தபுரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களுக்குத் தண்ணீர் என்றால் அந்த நிறம்தான்.

ஜெபமலர் பிறந்தது தக்கலைப் பக்கம். கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்த முதல் நாள், மாமியார் வெதுவெதுப்பாக ரோஜா நிறத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். யாரோ ஏதோ கழுவிய தண்ணீர் என்று நினைத்து ஜன்னல் வழியாக ஊற்றிவிட்டாள் அவள். பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்கவைத்த குடிதண்ணீர் என்று தெரிவதற்குள் மாமியாரின் மனதில் அவளைப் பற்றி ஒரு முடிவு கொதித்து ஆறிவிட்டது. கேரளத்து ஹோட்டல்களில் கேட்காமலே மேஜைக்கு வருகிற தண்ணீர் அது. பாறசாலையில் வரும். நாகர்கோவிலில் சங்கத்து மேஜையில் கேனிலிருந்து வராது.

"குடுங்க தம்பி, நானும் ஒரு வாய்" என்று பாட்டிலை வாங்கினாள். இன்னும் வெதுவெதுப்பு இருந்தது.

"வழியில சுசீந்திரத்துல ரொம்பக் கஷ்டமாமே" என்றாள், பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே. "தேர் இழுக்காங்க, வண்டியெல்லாம் சுத்தி விடுதாங்கன்னு டெப்போவுல பேசிக்கிட்டாங்க."

திரவியம் ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு தலையை ஆட்டினான். "அதை ஏன் கேக்கறீங்க ஆன்ட்டி. சந்து சந்தாச் சுத்தி வந்தேன். அதுலயே காலு போச்சு."

"பாவம்" என்றாள் ஜெபமலர். உண்மையாகவே சொன்னாள்.

அவன் கிளம்பவில்லை. இரண்டாவது யார் என்று பார்க்க ஆசைப்பட்டிருக்கலாம். சிறிது நேரத்தில் மஞ்சள் சட்டை வந்தது. திவ்யலட்சுமியின் முகம் உப்புப் பூத்திருந்தது. இறங்கி, இடுப்பை ஒரு தடவை வளைத்து நிமிர்ந்து, முதலில் திரவியத்திடம் போனாள்.

"வாழ்த்துக்கள் கேட்டோ. நீங்க எப்ப என்னைக் கடந்து போனீங்கன்னே தெரியல்ல. தலைவர் சார் சொல்லித்தான் தெரியும், நான் செகண்டுன்னு. வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டே வந்தேன். எங்கயோ கவனிக்காம விட்டிருக்கேன்."

ஜெபமலருக்கு அந்த வாக்கியம்தான் வலித்தது, இருக்கையைவிட. கண் முன்னால் ஒருவரும் இல்லாத ரோட்டில் தனியாகப் போய்ச் சேர்ந்தவளிடம் ஒரு ஆண் நாற்காலியில் உட்கார்ந்து நீ இரண்டாவது என்கிறான். உடனே அவள் தன் கண்ணைச் சந்தேகப்படுகிறாள்.

"சுசீந்திரத்துல தேரைப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"தேரா? இன்னைக்கா? ரோடு காலியாக் கிடந்ததே."

திரவியம் பாட்டிலின் மூடியைத் திருகினான். அது ஏற்கனவே இறுகித்தான் இருந்தது.

"தம்பி, நீங்க பாறசாலை ஹோட்டலை விட்டு எப்பக் கிளம்புனீங்க?" ஜெபமலர் குரலை உயர்த்தவில்லை. "உங்க பாட்டில்ல இருக்கது பதிமுக வெள்ளம். சூடு இன்னும் ஆறல்ல. நாகர்கோவில்ல நிறைச்சதா நீங்களே சொன்னீங்க. இல்லாத தேரையும் சுத்தி வந்துட்டீங்க. எல்லாரும் போன பெறகு சாப்பிட்டு, ஏ.சி.யில ஒறங்கி, ஊடுவழியாக் குழித்துறையைச் சுத்தி வந்து, தெற்கால மெயின் ரோட்டுல ஏறி, நனைஞ்ச சட்டையோட இங்க வந்து நிக்கீங்க."

"சட்டையைப் பைப்புல நனைச்சிருப்பாரா?" என்றாள் சுப்ரியா ஆர்வத்தோடு. பிறகு துண்டைக் கழற்றிப் பார்த்தாள். "ஐயே, நான் குடிச்சு நன்னா இருக்குன்னு வேற சொன்னேன். டிடெக்டிவ் வேலைக்கு லாயக்கில்லாத நாக்கு."

திரவியம் எழுந்தான். மறுக்கவில்லை. "மாமாதான்..." என்று தொடங்கி, முடிக்காமல், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மரத்தின் மறுபக்கம் போய் நின்றான். வெயிலில்.

அந்த முடிக்காத வார்த்தையில் மீதி எல்லாம் இருந்தது. கன்யாகுமரியில் உட்கார்ந்து, வராத ஆளை வந்துவிட்டான் என்று சொன்னவர் வன்னியராஜ். டெப்போவில் என்ன நடக்கிறது என்று அவருக்கு ஒரு கவலையும் இல்லை. மருமகன் தூங்குகிற நேரத்தில் எல்லோருடைய கண்ணும் திவ்யலட்சுமியின் மேல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். குடோனில் கிடந்த துருப்பிடித்த இரட்டைச் சைக்கிளைத் தந்ததும் அதற்காகத்தான். இந்த இரண்டு பெண்கள் குழித்துறையைத் தாண்ட மாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறார். ஒரு பெண் ஏமாற்றினாள் என்று இன்னொரு பெண் சொன்னால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள் என்றும்.

"உங்களை யாரும் கடந்து போகல்ல" என்றாள் ஜெபமலர் திவ்யலட்சுமியிடம். "நீங்கதான் முதல்ல."

திவ்யலட்சுமி சிரிக்கவில்லை. "அப்போ எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது" என்றாள். டெப்போப் பக்கம் நடந்துபோனாள், டீ சொல்லியிருந்ததால்.

ரெஜி போனை எடுத்துக்கொண்டு மரத்துக்குப் பின்னால் நகர்ந்தான். சங்கத்தின் வாட்ஸப் குழுவுக்கு அதற்கு மேல் விசாரணை தேவைப்படாது.

வன்னியராஜின் கார் வந்தபோது அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பின்கதவைத் தானே திறந்துவிட்டார். உள்ளேயிருந்து குளிர்காற்று ஜெபமலரின் முழங்கால் மேல் வந்து படிந்தது. இருக்கை அகலமாக, மெத்தென்று, பெண்களை உட்கார்ந்த நிலையில் பார்த்திருந்த யாரோ செய்ததாக இருந்தது.

"ஏறுங்க மேடம். வெயில்ல என்னத்துக்கு? சைக்கிளை மேல கட்டிக்கிடலாம்."

"சேச்சி, ஏறுங்கோ" என்றாள் சுப்ரியா, ஒரு காலை ஏற்கனவே உள்ளே வைத்திருந்தபடி.

"ஒரு விஷயம் பேசணும் சார்."

"நானே சொல்லுதேன். எம் மருமவன் விஷயம் தப்புதான். அவனுக்கு வாழ்க்கையில ஒண்ணும் அமையல்ல, பாத்துக்கிடுங்க. பிரமோஷன் அமையல்ல, சொந்தமா வச்ச கடை அமையல்ல. எம் மவ முகம் சுண்டிப்போய்க் கெடக்கு. இது ஒண்ணாவது அமையட்டும்னு பாத்தேன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த நேரத்தில் அவர் பொய் சொல்லவில்லை என்று ஜெபமலர் நினைத்தாள். அதனால் அது இன்னும் மோசமாக இருந்தது. "அவன் இல்லைன்னா போவட்டும். ஆனா அந்தப் பொம்பள மட்டும் ஜெயிச்சுட்டான்னா எங்க ரெண்டு பேரு மூஞ்சியையும் எங்க கொண்டு வைக்கிறது? ரெண்டு பேரு மேலயும் புகார் இருக்குன்னா கமிட்டி ஒண்ணும் முடிவு பண்ணாது. ராமேஸ்வரத்தையே அடுத்த வருஷத்துக்குத் தள்ளிரலாம்."

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"பொய் ஒண்ணும் வேண்டாம். திவ்யலட்சுமி சைக்கிளோட பஸ் டெப்போவுக்குள்ள போனதை நான் கண்ணால பாத்தேன். இந்த ஒரு வரி மட்டும் குழுவுல போடுங்க. நீங்க பாத்தீங்களா இல்லையா?"

"பாத்தேன்."

"அப்ப உண்மைதானே?"

உண்மைதான். ஒற்றை வரி உண்மைகளுக்கு எவ்வளவு பலம் என்று ஜெபமலருக்குத் தெரியும். அதுதான் அவள் தொழில். இன்ன தேதியில் இன்ன பாரிலிருந்து வெளியே வந்தார். இன்ன பெண்ணோடு இன்ன கடையில் காணப்பட்டார். மீதியைப் படிக்கிறவர்களே எழுதிக்கொள்வார்கள். திவ்யலட்சுமியைப் பற்றியும் எழுதிக்கொள்வார்கள். அவள் எதற்காக உள்ளே போனாள் என்று எல்லோர் முன்னாலும் அவளே நின்று விளக்க வேண்டியிருக்கும், கமிட்டியின் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து கேட்க. அவள் விளக்க மாட்டாள். சங்கத்தை விட்டுப் போய்விடுவாள். இதை வன்னியராஜும் யோசித்திருந்தார் என்பது அவர் காத்திருந்த விதத்தில் தெரிந்தது.

"கார்ல போகும்போதே டைப் பண்ணிரலாம்" என்றார். "நெய்யாற்றின்கரை போறதுக்குள்ள முடிஞ்சிரும். நீங்க கஷ்டப்படாண்டாம், நான் சொல்லச் சொல்லச் சுப்ரியா அடிக்கட்டும்."

சுப்ரியா காருக்குள் வைத்திருந்த காலைப் பார்த்தாள். பிறகு ஜெபமலரைப் பார்த்தாள். காலை மெல்ல வெளியே எடுத்தாள், அது அவளுடையதே அல்ல என்பது போல.

டெப்போ வாசலில் திவ்யலட்சுமி டீயை நின்றபடியே குடித்து முடித்து, ஹெல்மெட்டின் வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏறுங்க மேடம்" என்றார் வன்னியராஜ் மறுபடியும். "ஒரு வரிதானே."

ஜெபமலரின் தொடைகள் இன்னும் வலித்தன. ஊருக்கு இன்னும் பாதி வழி இருந்தது, அதில் நெய்யாற்றின்கரை ஏற்றமும் இருந்தது. அவள் காரின் கதவைப் பிடித்தாள்.

"வேண்டாம் சார்" என்றாள். "நாங்க மிதிச்சே வந்துக்கிடுதோம்."

சத்தம் வராமல் கதவைச் சாத்தினாள்.